சங்கரலிங்கம் எழுதாத கட்டுரைகள்

மேடையில் நின்று தப்பாக ஒன்றைச் சொல்லி, அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறீர்களா? நான் வாங்கியிருக்கிறேன். சங்கரன்கோவிலில்.

நான்கைந்து வருடம் இருக்கும். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்திருந்தது, ஆடிக் காற்று மட்டும் கலையவில்லை. வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மாடி அறை. ஜன்னலை மூடினால் புழுங்கியது, திறந்தால் மைக்கில் காற்று உறுமியது. பேனரின் ஒரு முனை கழன்று என் தலைக்கு மேல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாற்பது பேர் இருந்தால் அதிகம்.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு, படித்தவர் படிக்காதவர் எல்லாருக்கும் புரிகிற மாதிரி பொருளாதாரம் பற்றி இரண்டு புத்தகம் எழுதியிருந்தேன். இரண்டும் ஓரளவு ஓடின. அந்த மிதப்பு என்னிடம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

பேச்சின் நடுவில் சொன்னேன்: “அறிவியலையும் பொருளாதாரத்தையும் சாதாரண ஜனங்களுக்காகத் தமிழில் எழுதிய பெண்கள், எங்கள் தலைமுறைக்கு முன்னால் கிடையாது. முள்ளை வெட்டி வழி போட்டு நடந்து வந்தவர்கள் நாங்கள்தான்.”

கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது; விசைத்தறிக் கூடத்திலிருந்து நேராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

“மேடம், நீங்க சொன்னது தப்பு.”

அமைப்பாளர் பதறிப்போய், “அக்கா, கேள்வி நேரம் கடைசியில இருக்கு” என்றார்.

“இது கேள்வி இல்ல அண்ணாச்சி, பதில்” என்றார் அந்தப் பெண். பிறகு என்னைப் பார்த்து, “எங்க அம்மாவும் அத்தையும் எழுதியிருக்காவ. ஏழு புஸ்தகம். அம்மா போய்ச் சேந்துட்டாவ. அத்தை இருக்காவ. நாலு தெரு தள்ளித்தான் வீடு. காலையில வாரீங்களா?”

அவர் பெயர் தமிழ்ச்செல்வி. வருகிறேன் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. மிச்சப் பேச்சை எப்படி முடித்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

இனிஷியல்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன்.

நான் படித்த காலத்தில் நூலகத்தின் அறிவியல் அடுக்கில் நிற்கும் பெயர்களெல்லாம் ஆண் பெயர்கள். பொருளாதார அடுக்கிலும் அப்படியே. முதல் வருடப் பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. வரைபடத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் விலை என்று மனப்பாடம் செய்தேன். எங்கள் தெருவில் மீன்காரம்மா கூவுகிற விலைக்கும் அந்தக் கோடுகளுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று தேர்வு முடிகிறவரை எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதும் சில புத்தகங்களில் இனிஷியலோடு ஒரு துண்டுப் பெயர் மட்டும் இருக்கும். ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆண் என்றே எடுத்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகவே அப்படி எடுத்துக்கொண்டேன். சங்கரன்கோவில் போய்வந்த பிறகு, அந்த மாதிரிப் பெயர் எதைப் பார்த்தாலும் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

ஆப்பிள்

மறுநாள் காலை தமிழ்ச்செல்வி வீட்டுக்குப் போனேன். உள்ளறையில், ஜன்னலை ஒட்டிய மேசையில் அவருடைய அத்தை உட்கார்ந்திருந்தார். கோமதியம்மாள். எண்பதைத் தாண்டிய, ஒல்லியான உடம்பு. கையில் பிடி வைத்த பூதக்கண்ணாடி. அதன் அடியில் விரிந்து கிடந்தது என்னுடைய புத்தகம்.

ஓரமெல்லாம் பென்சில் குறி.

“வாங்க. உங்களைத்தான் படிச்சிக்கிட்டு இருக்கேன்” என்றார். “நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா முதல் அத்தியாயத்துலேயே ஆப்பிள் வருதே, அது ஏன்?”

“விலை எப்படி முடிவாகுதுன்னு சொல்றதுக்கு ஒரு உதாரணம்மா.”

“அது புரியுது. சங்கரன்கோவில்ல தினம் யாரு ஆப்பிள் வாங்குதா? காய்ச்சல் வந்தவங்களைப் பாக்கப் போனா வாங்குவோம். காய்ச்சக்காரன் வீட்டுக்குப் போறவன் பேரம் பேசுவானா?”

அந்த ஆப்பிள் நான் படித்த ஆங்கிலப் பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே உருண்டு வந்தது. முப்பது வருடம் வகுப்பிலும் அதையே உருட்டியிருக்கிறேன். ஒரு மாணவர்கூட இப்படிக் கேட்டதில்லை.

தமிழ்ச்செல்வி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அத்தை, வந்தவங்களை விரட்டாதிய. கதையைச் சொல்லுங்க” என்றார்.

“நான் எப்ப இதை எழுதுனேன்?”

கோமதியம்மாள் பள்ளி இறுதி வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். மேலே படிக்கப் பாளையங்கோட்டைக்கு அனுப்ப மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டு வருடத்தில் கணவர் இறந்துபோக, அண்ணன் சங்கரலிங்கம் தங்கையை வீட்டோடு அழைத்து வந்துவிட்டார். அண்ணனுக்கு இரும்புக்கடை. அண்ணன் மனைவி பொன்னுத்தாய் பனவடலிசத்திரம் பக்கத்துக்காரர், பூ விவசாயம் செய்கிற வீட்டுப் பெண், எட்டாவது வரை படிப்பு.

நூலகத்தில் அண்ணன் பெயரில் உறுப்பினர் அட்டை. அண்ணன் அதைக் கையால் தொட்டதில்லை. தங்கைதான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில அறிவியல் புத்தகங்களை ஒன்று விடாமல் படித்தார். படித்ததை, மாவாட்டுகிற மதினி பொன்னுத்தாயிடம் தமிழில் சொல்லுவார். மதினிக்குப் புரியாவிட்டால் வேறு மாதிரி சொல்லுவார். புரிகிறவரை விடமாட்டார்.

“மதினிக்குப் புரிஞ்சிட்டா உலகத்துக்கே புரியும்னு அப்பவே தெரியும் எனக்கு” என்று சிரித்தார். “அவ மக்கு இல்ல பாத்துக்கிடுங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி தலையாட்ட மாட்டா.”

ஒருநாள், இடி ஏன் மின்னலுக்குப் பிறகு கேட்கிறது என்று ஒரு கட்டுரை எழுதி, தன் பெயரிலேயே ஒரு வார இதழுக்கு அனுப்பினார். திரும்பி வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து அதே கட்டுரையை, ஒரு எழுத்து மாற்றாமல், ‘கே. சங்கரலிங்கம்’ என்று போட்டு அனுப்பினார். அச்சாகிவிட்டது.

இதழ் கடை முகவரிக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்கு ஓடிவந்தார்.

“ஏட்டி கோமதி, நான் எப்ப இதை எழுதுனேன்?”

“போன மாசம் எழுதுனிய அண்ணே.”

பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தாராம். பொன்னுத்தாய் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அண்ணன் உட்கார்ந்து கட்டுரையை இரண்டு தடவை படித்தார். பிறகு, “நல்லாத்தான் எழுதியிருக்கேன்” என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

அப்படியே தொடர்ந்தது. கொஞ்ச நாளில் பொன்னுத்தாயும் எழுத ஆரம்பித்தார். “நீ வானத்தைப் பாத்துக்கோ. சந்தையை நான் எழுதுதேன்” என்று சொல்லி, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுப்பாராம். ஒரு வாரம் அறிவியல், மறுவாரம் பொருளாதாரம். இரண்டுக்கும் பெயர் கே. சங்கரலிங்கம்.

கடையில்தான் தொல்லை. ஆணி வாங்க வருகிறவர்கள், “அண்ணாச்சி, வானவில்லு ஏன் வளைஞ்சிருக்கு?” என்று கேட்டுவிட்டு நிற்பார்கள். அவர் கீழுதட்டைத் தடவிக்கொண்டு யோசிப்பார். “நாளைக்கு வாங்க, சொல்லுதேன்” என்பார். மறுநாள் அவரும் சரியாகச் சொல்லிவிடுவார். ராத்திரிச் சாப்பாட்டில் பாடம் கேட்டுக்கொண்டு போயிருப்பார்.

நிறைகுடம்

சிவகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. ‘விஞ்ஞான எழுத்தாளர்’ சங்கரலிங்கத்தைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். அவர் மாட்டேன் என்றுதான் எழுதிப் போட்டார். தலைமையாசிரியர் நேரில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

விழாவுக்கு மனைவியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் போகும்போதே அவர் முகம் சரியில்லை என்று கோமதியம்மாள் கவனித்திருக்கிறார். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மைக்கின் முன்னால் நிறுத்தினார்கள். அவர் தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்:

“எனக்கு ஆணி எத்தனை இஞ்சுன்னு தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. எழுதுனது என் தங்கச்சியும் என் வீட்டுக்காரியும். அந்தா, பொம்பளைங்க பக்கம் உக்காந்திருக்காவ. இந்தத் துண்டு அவங்களுக்குச் சேர வேண்டியது.”

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. கைதட்டல். தலைமையாசிரியர் மைக்கை வாங்கி, “நிறைகுடம் தளும்பாது என்பார்கள். எவ்வளவு பெரிய எழுத்தாளர், எவ்வளவு அடக்கம் பாருங்கள்!” என்றார்.

இதைச் சொல்லும்போது கோமதியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். “உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டேங்காங்க. எங்க அண்ணன் முழி பிதுங்கி நிக்கான்.”

அப்போது மாணவிகளின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “ஐயா, சந்திர கிரகணத்துல நிலா கறுப்பா ஆகாம சில நேரம் செவப்பா ஆகுதே, ஏன்?”

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. மேடையிலிருந்தபடியே கூப்பிட்டார். “கோமதி, ஏறி வாட்டி.”

கோமதியம்மாள் அதுவரை மைக்கைத் தொட்டதில்லை. ஆண்கள் கூட்டத்தின் முன்னால் வாய் திறந்ததில்லை. பொன்னுத்தாய் முதுகில் கை வைத்துத் தள்ளினார் என்று சொன்னார். படியேறிப் போய், மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பேசினாராம். என்ன பேசினார் என்பதை எனக்கு மறுபடியும் சொன்னார். நான் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

“சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவுல நம்ம பூமி வந்து நிக்கி. நம்ம நெழல் நிலா மேல விழுது. அப்ப நிலா கறுப்பால்லா ஆவணும்? ஆனா பூமியைச் சுத்திக் காத்து இருக்கு. அந்தக் காத்து வழியா கொஞ்சம் வெளிச்சம் வளைஞ்சு போவுது. நீல வெளிச்சம் வழியிலேயே செதறிப் போயிரும். செவப்பு மட்டும் போய்ச் சேரும். சாயங்காலம் வானம் செவக்குதுல்லா, அதே செவப்புதான். அந்த நிமிசத்துல உலகத்துல எங்கெங்க பொழுது அடையுதோ, எங்கெங்க பொழுது விடியுதோ, அம்புட்டுச் செவப்பும் சேந்து நிலா மேல விழுது.”

நான் காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். ஆடை படிந்துவிட்டது. கிரகணத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உலகத்தின் எல்லா அந்திகளையும் எல்லா விடியல்களையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

கொட்டகையில் அன்று மாணவிகள் பக்கமிருந்துதான் முதலில் கைதட்டல் தொடங்கியதாம். தலைமையாசிரியர் பொன்னாடையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். சங்கரலிங்கமே அதைக் கழற்றித் தங்கையின் தோளில் போட்டார்.

சமையல் பகுதி

இந்தச் செய்தி அந்த வார இதழுக்கும் போய்விட்டது. ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. பெயரை மாற்றி எழுதியது வாசகர்களை ஏமாற்றிய காரியம், தொடர் நிறுத்தப்படுகிறது, பெண்கள் எழுத விரும்பினால் பெண்கள் பகுதிக்குச் சமையல், கைவேலை பற்றி அனுப்பலாம் என்று எழுதியிருந்தது. இதழின் பெயரைக் கோமதியம்மாள் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. “செத்த பாம்பை எதுக்கு அடிக்கணும்?” என்றார்.

அன்று முழுவதும் கோமதியம்மாள் சாப்பிடவில்லை. அண்ணன், தான் மேடையில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம் என்று புலம்பிக்கொண்டிருந்தார். பொன்னுத்தாய்தான் கடிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி நிதானமாகப் படித்தார்.

“ஏட்டி, அவன் சமையல்தான கேக்கான்? எழுதுவோம்.”

அடுத்த வாரம் ஒரு கட்டுரை போனது. தலைப்பு, ‘முறுகல் தோசைக்கு ஒரு யோசனை’. காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் துளி ஏன் உடனே ஆவியாகாமல் முத்து மாதிரி உருண்டு ஓடுகிறது, துளிக்கு அடியில் ஆவியே எப்படி ஒரு மெத்தை போட்டுத் தாங்குகிறது என்று முழுக்க முழுக்க இயற்பியல். கடைசி வரியில் மட்டும், ‘கல் அந்தப் பதத்தில் இருந்தால் சூடு அதிகம், சற்றுத் தணித்து மாவை ஊற்றவும்.’

பெண்கள் பகுதியில் அச்சானது. இரண்டு பேரின் சொந்தப் பெயரோடு அச்சானது.

பிறகு வெங்காயம் நறுக்கினால் ஏன் கண்ணீர் வருகிறது என்று ஒன்று. தக்காளி ஒரு மாதம் தெருவில் கொட்டிக் கிடப்பதும் மறுமாதம் கண்ணில் படாததும் ஏன் என்று பொன்னுத்தாய் எழுதியது ஒன்று. அது ‘தக்காளித் தொக்கு’ என்ற தலைப்பில் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. கடைசியில் ஒரு வாசகி, இந்தச் சமையல் குறிப்புகளை வைத்து எதையுமே சமைக்க முடியவில்லை என்று எழுதிப் போட, ஆசிரியர் விழித்துக்கொண்டு அதையும் நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு அவர்கள் யாரையும் கேட்கவில்லை. ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்துக்குப் போனார்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார் அச்சகக்காரர். அவரிடம் ‘ஸ்ரீ’ அச்செழுத்து வேண்டுமட்டும் இருந்தது. ‘ஞ்’ பற்றாக்குறை. ‘விஞ்ஞானம்’ என்று வருகிற இடத்திலெல்லாம் ‘அறிவியல்’ என்று மாற்றினார்களாம்.

ஏழு சிறு புத்தகங்கள். ஆடித் தபசுக் கூட்டத்தில், வளையல் கடைக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவில் சாக்கை விரித்து விற்றார்கள். கூவி விற்றவர் சங்கரலிங்கம். “நிலா ஏன் செவக்குது, வாங்கிப் படிங்க! மல்லிப்பூ ஏன் விலை ஏறுது, வாங்கிப் படிங்க!” சாமி பார்க்க வந்த விவசாயிகள் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனார்கள்.

பஸ்ஸில் படித்தது

ஏழில் ஐந்துதான் மிச்சம் இருந்தன. பொன்னுத்தாய் எழுதிய ஒன்றைத் தமிழ்ச்செல்வி எனக்குப் பிரதி எடுத்துத் தந்தார். திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

பூவும் இரும்பும் பற்றிய அத்தியாயம் அது. ‘என் அப்பா பூ விற்பவர், என் வீட்டுக்காரர் இரும்பு விற்பவர்’ என்று தொடங்குகிறார். இரும்பு நாளைக்கும் இரும்பு. விலை படியாவிட்டால் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பூ நாளைக்குக் குப்பை; சந்தை கலைவதற்குள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். யாரால் காத்திருக்க முடியுமோ அவர் சொல்வதே விலை.

அடுத்த பத்தி இது: ‘கூலிக்குப் போகிறவளிடம் இருப்பதும் பூதான். இன்றைய பொழுதை இன்றைக்கு விற்காவிட்டால், நாளைக்கு அதை எடுத்து விற்க முடியாது. அதனால்தான் அவள் பேரம் பேசாமல் களையெடுக்க இறங்குகிறாள். அவளுக்குப் பேசத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.’

புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டேன். இந்தக் கருத்தை நான் முதுகலை இரண்டாம் ஆண்டில், தலையணை கனத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் படித்தேன். புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. எட்டாவது படித்த ஒரு பெண், காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பென்சிலால், எட்டு வரியில் முடித்துவிட்டார்.

பஸ் பனவடலிசத்திரத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது. இரண்டு பெண்கள் பூச்சாக்கோடு ஏறி, எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். நான் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த வழியாக எத்தனை வருடம் போய்வந்திருப்பேன்.

திருத்தம்

வாசகர் வட்டத்துக்கு நானே போன் செய்து இன்னொரு கூட்டம் கேட்டேன். அதே மாடி. கோமதியம்மாளை நாற்காலியோடு தூக்கி மேலே ஏற்றினார்கள். போன கூட்டத்தில் நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு, பொன்னுத்தாயின் அந்த அத்தியாயத்தை முழுதாக வாசித்தேன். தமிழ்ச்செல்வி முதல் வரிசையில் உட்கார்ந்து, அம்மாவின் வரிகள் வரும்போதெல்லாம் உதட்டை அசைத்துக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு மனப்பாடம்.

சங்கரலிங்கம் இறந்த பிறகு பொன்னுத்தாய் இரும்புக்கடையில் உட்கார வேண்டிவந்தது, அதோடு எழுத்து நின்றது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மதினி எழுதாத பிறகு கோமதியம்மாளும் புத்தகம் எழுதவில்லை. பத்திரிகைகளுக்குத் தப்பைச் சுட்டிக்காட்டித் தபால் அட்டை மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தோம். வெளியே வெயில், பக்கத்துத் தறியின் சத்தம். தமிழ்ச்செல்வி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். அதைப் பார்த்து எனக்கும் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினால் கோமதியம்மாளும் விட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

“ஒருத்தர் விட்டா இன்னொருத்தருக்கு ஏன் வருது? உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் கோமதியம்மாள்.

“தெரியாதும்மா.”

“எனக்கும் தெரியாது. தேடிப் பாத்தேன். ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க, உறுதியா ஒருத்தருக்கும் தெரியல.” அவர் கண்ணில் தூக்கம் போய்விட்டிருந்தது. பூதக்கண்ணாடியை நகர்த்திவிட்டு, மேசையிலிருந்த நோட்டை என் பக்கம் தள்ளினார். “எனக்கு இப்ப கை நடுங்குது. நீங்க எழுதுங்க, நான் சொல்லுதேன்.”

நான் பேனாவைத் திறந்தேன்.